மூட்டுக்குப் போகவேண்டிய மருந்து

1948 செப்டம்பரில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஒரு புதிய ஊசி போடப்பட்டது. அட்ரினல் சுரப்பியிலிருந்து எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்து ‘காம்பவுண்ட் இ’ என்று பெயர் வைத்திருந்த பொருள் அது. ஊசி போடச் சொன்னவர் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர். முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள்காமாலை வந்தாலோ, பெண்கள் கருவுற்றாலோ மூட்டுவலி தானாகக் குறைவதை அவர் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர். உடலே சுரக்கும் ஏதோ ஒன்று வீக்கத்தை அடக்குகிறது என்று நம்பியவர். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். காம்பவுண்ட் இ கார்ட்டிசோன் ஆனது. 1950இல் ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ததேயஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, ரத்தக்கொதிப்பு கூடியது, எலும்பு பொடித்தது, காயம் ஆறாமல் போனது. மூட்டுக்கு நல்லது செய்த அதே மூலக்கூறுதான் மற்ற எல்லா இடத்திலும் கெடுதலைச் செய்தது. முக்கால் நூற்றாண்டு கழிந்தும் முடக்குவாத மருத்துவத்தின் பெரிய சிக்கல் இதுவே. வீக்கத்தை அடக்க மருந்து இல்லாத காலம் எப்போதோ போய்விட்டது. கொடுக்கும் மருந்தை மூட்டோடு நிறுத்திவைக்கத்தான் வழி தெரியவில்லை.

நானோ துகள்களில் மருந்தை அடைத்து அனுப்பும் ஆராய்ச்சி இந்தச் சிக்கலைத்தான் குறிவைக்கிறது. அதைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் ‘நோயுற்ற இடத்தை மட்டும் தேடிப்போய்த் தாக்கும் மருந்து’ என்ற பாணியில் இருக்கின்றன. அந்த வாக்குறுதி மிகை. ஆனால் மிகை என்பதற்காக மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவதும் தவறு. நானோ துகள் குறி தப்பாத அம்பாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. கார்ட்டிசோன் வகையைச் சேர்ந்த பழைய, மலிவான, நன்கு அறிமுகமான ஸ்டீராய்டின் நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான விகிதத்தை ஓரளவு மாற்றிக் கொடுத்தாலே போதும். சிகிச்சையில் அதற்கென்று தெளிவான ஓரிடம் உண்டு. இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றியது.

முடக்குவாதம் வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அன்று. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சொந்த மூட்டையே பகையாக எண்ணித் தாக்கும் நோய் இது. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரையோ அதற்குச் சற்றுக் குறைவானவர்களையோ பிடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாக. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு தடித்து வீங்குகிறது. அதில் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் குவிந்து, வீக்கத்தைத் தூண்டும் புரதங்களைக் கொட்டுகின்றன. தடித்த சவ்வு மெல்ல மெல்லக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாத விரல்கள் என்று சிறு மூட்டுகளில் தொடங்குவதால், ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து ஊசி போட்டுத் தீர்க்கவும் முடியாது. எனவே மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போயாகவேண்டும். ரத்தத்தில் கலந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அதற்குள் எலும்பு, கணையம், கண், தோல், மூளை என்று எல்லா இடத்தையும் தொட்டுவிடுகிறது. காய்ந்துபோன ஒரு செடிக்காக மடையைத் திறந்து வயல் முழுவதையும் மூழ்கடிப்பது போன்ற வைத்தியம். செடி பிழைக்கும், மற்றப் பயிர் அழுகும்.

குறைந்த அளவில் கொடுத்தால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்வதுண்டு. இதை முறையாகச் சோதித்தது 2022இல் வெளியான ‘குளோரியா’ ஆய்வு. ஐரோப்பாவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 451 முடக்குவாத நோயாளிகளில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு வெறும் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோன், மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, இரண்டு ஆண்டுகளுக்கு. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு நோய் நன்றாகக் குறைந்தது, மூட்டு அரிப்பும் குறைந்தது. கூடவே, குறிப்பிட்ட பாதகங்களில் ஏதேனும் ஒன்று நேரும் வாய்ப்பு 24 சதவீதம் உயர்ந்தது, பெரும்பாலும் தொற்றுநோய்கள். நோயைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் உண்மை, விலை கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. இந்த இரட்டை உண்மையால் வல்லுநர் அமைப்புகளே பிரிந்து நிற்கின்றன. ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு, தொடக்கத்தில் ஸ்டீராய்டு கொடுக்கலாம், ஆனால் முடிந்த அளவு சீக்கிரம் குறைத்து நிறுத்திவிடுங்கள் என்கிறது. அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, முடிந்தால் ஸ்டீராய்டு இல்லாமலே சிகிச்சையைத் தொடங்குங்கள் என்கிறது. ஒரே மருந்து, ஒரே சான்றுகள், இரண்டு அறிவுரைகள்.

இனித் துகளுக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பாப்ரகாமில் 1960களில் அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர், செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் அதே வகைக் கொழுப்பை நீரில் கலந்தபோது அது தானாகவே நுண்ணிய குமிழ்களாகச் சுருண்டுகொள்வதைக் கண்டார். உள்ளே நீர், சுற்றிலும் கொழுப்புப் படலம். இதுதான் லிப்போசோம். குமிழுக்குள் மருந்தை அடைக்கலாம் என்று பிறகு வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். மருந்துக்கென்று செய்யப்படும் குமிழ்கள் பொதுவாக 100 நானோமீட்டர் அளவுள்ளவை. ஒரு தலைமுடியின் குறுக்கே பல நூறு குமிழ்களை வரிசையாக வைத்துவிடலாம். இந்த அளவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மிகச் சிறியதாக இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். பெரிதாக இருந்தால் மண்ணீரல் பிடித்துவைத்துக்கொள்ளும். நடுத்தரமாக இருந்தால் ரத்தத்தில் நெடுநேரம் சுற்றும், அதே சமயம் நலமான ரத்தக்குழாயின் சுவரைத் தாண்டி வெளியே கசியாது. பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற நீர்விரும்பும் இழைகளைக் குமிழின் மேல் நட்டால் விழுங்கு செல்கள் உடனடியாகப் பிடிப்பது குறைந்து, ரத்தத்தில் தங்கும் நேரம் மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்காகிறது.

முடக்குவாதத்தில் இங்கேதான் ஒரு வசதி அமைகிறது. வீங்கிய மூட்டுச் சவ்வில் புதிது புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டப்பட்டவை. அவற்றின் செல்களுக்கு இடையே இடைவெளி அதிகம். வீக்கமே அந்த இடைவெளியை இன்னும் அகட்டுகிறது. ரத்தத்தில் சுற்றிவரும் குமிழ் மற்றப் பெரும்பாலான இடங்களில் வெளியேற முடியாமல், வீங்கிய மூட்டில் கசிந்து இறங்குகிறது. இறங்கிய இடத்தில் அதற்காகக் காத்திருப்பவை விழுங்கு செல்கள். அவற்றின் தொழிலே வெளியிலிருந்து வரும் துகள்களை விழுங்குவதுதான். நோயை நடத்தும் செல்லே மருந்தைத் தானாக எடுத்து உள்ளே போட்டுக்கொள்கிறது. புற்றுக் கட்டிகளிலும் இத்தகைய கசிவு உண்டு. ஜப்பானில் ஹிரோஷி மயேதாவும் யசுஹிரோ மட்சுமுராவும் 1986இல் அதை விவரித்த பிறகுதான் நானோ மருத்துவம் ஒரு துறையாகவே கிளைத்தது. ஆனால் கட்டிக்குள் போன துகள் புற்றுசெல்லை அடைய இன்னும் பல தடைகளைத் தாண்டவேண்டும். மூட்டில் அத்தனை தடைகள் இல்லை. என் கணிப்பில், நானோ துகளுக்கு இயல்பாகப் பொருந்தும் நோய்களின் வரிசையில் புற்றுநோய்க்கு முன்னால் முடக்குவாதம் நின்றிருக்கவேண்டும். பணமும் கவனமும் புற்றுநோயின் பக்கம் போனதற்குக் காரணம் உயிரியல் மட்டுமில்லை.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் யோஸ்பெர்ட் மெட்செலார், கெர்ட் ஸ்டோர்ம் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனை இதை எளிமையாகக் காட்டியது. செயற்கையாக மூட்டுவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு, நீரில் கரையும் வகைப் பிரெட்னிசோலோனை லிப்போசோமில் அடைத்து, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். வீக்கம் முழுதாக அடங்கி, ஏறக்குறைய ஒரு வாரம் அடங்கியே இருந்தது. அதே மருந்தை அதே அளவில் குமிழ் இல்லாமல் ஒருமுறை போட்டபோது பலனே இல்லை. தினந்தோறும் போட்டபோதும் சிறிதளவே பலன். மூலக்கூறு மாறவில்லை, அளவு மாறவில்லை, போகும் விதம் மட்டும் மாறியது. இது எலிச் சோதனைதானே என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் அனுபவத்தைச் சொல்லலாம். டெக்சாமெத்தசோனைக் கொழுப்போடு இணைத்து, ஏறக்குறைய 200 நானோமீட்டர் அளவுள்ள எண்ணெய்த் துளிகளில் கரைத்துச் செய்த ‘லிமெத்தசோன்’ என்ற ஊசிமருந்து 1980களின் இறுதியிலேயே அங்கே முடக்குவாத நோயாளிகளுக்கென்று விற்பனைக்கு வந்துவிட்டது. நானோ மருத்துவம் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே வந்த நானோ மருந்து அது. மாத்திரையாகத் தினமும் விழுங்குவதற்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறு அளவு ரத்தக்குழாயில் ஏற்றுவது. அது ஜப்பானுக்கு வெளியே பெரிதாகப் பரவாதது மருத்துவ வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி எண்ணிக்கை சார்ந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழு 2016இல் பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. செலுத்திய நானோ துகள்களில் புற்றுக் கட்டியை அடைந்தது நடுவளவில் 0.7 சதவீதம் மட்டுமே என்று தெரிந்தது. மிச்சத்தில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. நூற்றில் ஒன்றுகூடச் சேராததை எப்படிக் குறிவைத்த மருந்து என்பது? கேள்வி நியாயமானது; புற்றுநோய்ப் பிரசாரங்களின் மீது இது ஊற்றிய தண்ணீர் அந்தத் துறைக்கு நல்லதே செய்தது. முடக்குவாதத்திலும் துகள்களில் பெரும்பங்கு கல்லீரலுக்குத்தான் போகும். ஆனால் ஒரு மருந்தைப் பற்றிக் கேட்கவேண்டியது எத்தனை சதவீதம் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் அன்று. வெறும் மாத்திரையாகக் கொடுத்திருந்தால் எத்தனை போய் எத்தனை நேரம் தங்கியிருக்கும், மிச்சம் எங்கே போய் என்ன செய்யும் என்றும் கேட்கவேண்டும். எலும்புக்கும் கண்ணுக்கும் கணையத்துக்கும் போகவேண்டியதில் ஒரு பகுதி கல்லீரலில் தேங்கி அங்கேயே சிதைக்கப்பட்டால், அதுவே ஒரு லாபம். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் நானோ மருந்தான டாக்சிலின் (லிப்போசோமில் அடைத்த டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து) அனுபவமும் இதுதான். பரவிய மார்பகப் புற்றில் அதைப் பழைய டாக்சோரூபிசினோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது நோயை அடக்கும் திறனில் பெரிய வேறுபாடில்லை. இதயத்துக்கு நேரும் கேடு வெகுவாகக் குறைந்தது. மருந்து போகாமல் தவிர்த்த இடம்தான் அதன் வெற்றி.

துகள்கள் விழுங்கு செல்களிடம் மாட்டிக்கொள்வதைக் குறையாகவே பேசுபவர்களுக்குப் பீகாரில் ஒரு பதில் இருக்கிறது. அங்கே ஏழைகளை வாட்டிய காலா அசார் நோயின் ஒட்டுண்ணி வாழ்வது கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையிலுள்ள விழுங்கு செல்களுக்குள்தான். லிப்போசோம் இயல்பாகப் போய்ச் சேரும் இடமும் அதுவே. முசாபர்பூரில் ஷ்யாம் சுந்தர் குழுவினர் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், லிப்போசோமில் அடைத்த ஆம்ஃபோட்டெரிசின் மருந்தை ஒரே ஒருமுறை சொட்டாக ஏற்றியவர்களில் 95.7 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் குணமாகவே இருந்தார்கள். அதே மருந்தைப் பழைய வடிவில், ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் படுக்கவைத்து 15 முறை ஏற்றியவர்களில் 96.3 சதவீதம். ஒரு மாதம் ஒரு நாளாகச் சுருங்கியது. இந்த ஒட்டுண்ணியைக் கொன்ற அதே பாதையில்தான் மூட்டிலிருக்கும் விழுங்கு செல்லுக்கும் ஸ்டீராய்டு போகிறது. செல் ஒன்றே, இடம்தான் வேறு.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. போய்ச் சேர்வது ஒன்று, வேலை செய்வது இன்னொன்று. மெட்செலார் குழுவின் அதே வகை லிப்போசோம் ஸ்டீராய்டை, ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிந்த நோயாளிகளுக்குக் கொடுத்து 2015இல் ஒரு ஆய்வு வெளியானது. மருந்து ரத்தத்தில் இரண்டு நாளுக்கு மேலாகத் தங்கியது. படிவுகளுக்குள் இருந்த விழுங்கு செல்களில் குமிழ்கள் இருப்பதும் கண்ணால் காணப்பட்டது. ஆயினும் படிவின் வீக்கம் குறையவில்லை. முகவரி சரியாக இருந்தும் கடிதத்தால் பயனில்லை. முடக்குவாத நோயாளிகளிடமும் நெதர்லாந்தில் இந்த ஊசி சோதிக்கப்பட்டது. எலிச் சோதனை முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அன்றாடச் சிகிச்சைக்கு வந்து சேரவில்லை. எலிக்கும் மனிதருக்கும் இடையே உள்ள பள்ளம் இங்கே ஆழமானது. எலியின் மூட்டுவாதம் சில வாரங்களில் கொழுந்துவிட்டு எரியும். குழாய்கள் தாராளமாகக் கசியும். மனித நோய் ஆண்டுக்கணக்கில் நீறுபூத்துக் கிடப்பது. நோயாளி பெரும்பாலும் ஏற்கெனவே வேறு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர். கசிவும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. நோய் அடங்க அடங்கக் குழாய்ச் சுவர் இறுகி, அடுத்த ஊசியின் துகள்கள் உள்ளே போவதும் குறையும்.

எனவே நானோ ஸ்டீராய்டை வாழ்நாள் மருந்தாகக் கற்பனை செய்வது பிழை என்பது என் வாதம். அதன் இயல்பே அதற்கு வேறொரு வேலையைச் சொல்கிறது. முடக்குவாதத்தின் அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்சேட். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் இந்த வகை மருந்துகள் உருவானது லெடர்லே ஆய்வகத்தில், எல்லப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில். ஆந்திரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர் அவர். 1948இல், ஹெஞ்ச் தன் ஊசியைப் போடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் காலமானார். புற்றுநோய்க்கென்று வந்த மெத்தோட்ரெக்சேட்டுக்கு முடக்குவாதச் சிகிச்சையில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 1988இல்தான். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கவேண்டிய மருந்து இது. தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மலிவானது, மாத்திரையாகவே கிடைப்பது. செல்களுக்குள் போனதும் உருமாறி வாரக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவதால், இதைக் குமிழில் அடைப்பதில் கிடைக்கும் கூடுதல் நன்மை அதிகமிராது. ஆய்விதழ்களில் மெத்தோட்ரெக்சேட் நானோ துகள்கள் குவிந்து கிடக்கின்றன; அந்த உழைப்பில் பெரும்பங்கு, ஏற்கெனவே நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் மருந்துக்குப் புது வண்டி கட்டும் உழைப்பு.

மெத்தோட்ரெக்சேட்டின் குறை வேறு: அது வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் நோயாளி வலியில் துடிப்பார், மூட்டும் அரிக்கப்படும். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதுகிறார். மூன்று மாதத்துக்கு என்று தொடங்கியது பலருக்கு மூன்று வருடமாகிறது. நிறுத்தினால் வலி திரும்புகிறது, எனவே நிறுத்த மனமில்லை. மருத்துவரிடம் திரும்பப் போகாமல் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. சேதத்தின் பெரும்பகுதி நேர்வது இப்படி நீண்டுபோகும் மாத்திரையில். இந்த இடத்தில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாகச் சில நானோ ஸ்டீராய்டு ஊசிகளை மருத்துவமனையில் போட்டு, வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரையே இல்லாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால், முன்னே சொன்ன இரண்டு அறிவுரைகளின் பிணக்கும் பெருமளவு தீரும். நோய் சீறி எழும் சமயங்களிலும் அப்படியே. வீக்கம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழாய் அதிகம் கசியும், துகளும் அதிகம் இறங்கும். அடங்கியபின் துகள் இறங்காமல் போவதும் இந்த வேலைக்குக் குறையில்லை.

நீண்டகாலம் கொடுக்காததால் இன்னொரு தலைவலியும் தவிர்க்கப்படுகிறது. பாலிஎதிலீன் கிளைக்காலுக்கு எதிராகவே உடல் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும் என்பது இப்போது நன்கு தெரிந்த செய்தி. திரும்பத் திரும்ப ஊசி போட்டால் அடுத்தடுத்த துகள்களை உடல் வேகமாகத் துடைத்து எறிந்துவிடும்; சிலருக்கு ஏற்றும்போதே மூச்சுத்திணறல், முகச்சிவப்பு போன்ற எதிர்வினை வரும். ஆறு ஊசியில் முடியும் சிகிச்சைக்கு இது சமாளிக்கக்கூடிய அபாயம். அறுபது ஊசிக்கு இல்லை. துகளின் மேல் இன்னும் இன்னும் அலங்காரம் பூட்டுவதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. கோபமுற்ற விழுங்கு செல்களின் மேல் தோன்றும் ஃபோலேட் ஏற்பியைப் பிடிக்கும்படி ஃபோலேட்டை ஒட்டுவது, ஹையலூரானிக் அமிலத்தால் போர்த்துவது போன்ற உத்திகள் எலியில் அழகான படங்களைத் தருகின்றன. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் லியாங்ஃபாங் ஜாங் குழுவினர் 2018இல் வெள்ளணுவின் தோலையே உரித்து நானோ துகளுக்குப் போர்த்தியது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை. அந்தத் துகள் வீக்கப் புரதங்களைத் தானே உறிஞ்சிக்கொண்டு எலியின் மூட்டைக் காத்தது. ஆனால் ஒவ்வொரு கூடுதல் பூட்டும் தொழிற்சாலையில் ஒரு கூடுதல் படி, தரத்தைச் சோதிக்க ஒரு கூடுதல் கேள்வி. வெறும் குமிழே வீங்கிய மூட்டுக்குள் போய்விடும்போது, அதற்கு மேலும் வேண்டும் என்பதற்குச் சான்று வந்தபின் அலங்கரிக்கலாம்.

ஏற்கெனவே குறிவைத்த மருந்துகள் இருக்கின்றனவே என்று வாதநோய் மருத்துவர்கள் கேட்கக்கூடும். லண்டனின் கென்னடி நிறுவனத்தில் ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992இல் முடக்குவாத நோயாளிகளிடம் தொடங்கிவைத்த, வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் சிகிச்சை லட்சக்கணக்கானவர்களை நிமிர்ந்து நடக்கவைத்தது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அவை குறிவைப்பது ஒரு புரதத்தை, இடத்தை அன்று. மூட்டில் மட்டுமில்லாமல் உடல் முழுவதும் டி.என்.எஃப். தடுக்கப்படுகிறது. நுரையீரலில் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதும் அதே புரதம்தான். அதனால்தான் இந்த ஊசியைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். காசநோய் மலிந்த இந்தியாவில் இது வெறும் சடங்கில்லை. பின்னால் வந்த டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளுக்கும், மாரடைப்பு, புற்றுநோய் அபாயம் குறித்து 2021இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. மருந்து புதியதானாலும் அது எங்கும் போகிறது என்ற பழைய சிக்கல் அப்படியே இருக்கிறது.

விலையைப் பற்றிய அச்சம் உண்மையானது. 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, லிப்போசோம் ஆம்ஃபோட்டெரிசினுக்காக நாடு முழுவதும் குடும்பங்கள் அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். (கொரோனாவுக்கு அளவுமீறிக் கொடுத்த ஸ்டீராய்டும் அது ஏற்றிய சர்க்கரையும் அந்த நோய்க்கு வழிவிட்டன. உடல் முழுவதும் பரவிய ஒரு மருந்தின் விளைவைத் துடைக்க, குமிழில் அடைத்த இன்னொரு மருந்து தேவைப்பட்டது.) லிப்போசோம் செய்வது மாத்திரை அச்சடிப்பதைப் போல எளிதில்லை, குமிழின் அளவு சற்று மாறினாலும் மருந்து வேறு மருந்தாகிவிடும். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்குப் புதிதும் இல்லை. லிப்போசோம் ஆம்ஃபோட்டெரிசின் இங்கேயே ஆராயப்பட்டு, இங்கேயே தயாராகிறது. காலா அசாருக்காக உலக சுகாதார நிறுவனம் பேரம் பேசியபோது உலகின் மிக ஏழையான நோயாளிகளுக்கும் அந்த மருந்து எட்டியது. உள்ளே வைக்கப்போகும் பிரெட்னிசோலோனுக்கோ காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. உண்மையில் அதுவே தடையாகவும் இருக்கிறது: யாருக்கும் சொந்தமில்லாத பழைய மருந்துக்காகப் பல நூறு நோயாளிகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடத்தப் பணம் போட எந்த நிறுவனமும் முந்துவதில்லை. அரசுப் பணத்தில் நடக்கவேண்டிய சோதனை இது.

கடைசியாக ஓர் ஆட்சேபம், இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. முடக்குவாதம் மூட்டில் தெரிகிறது, மூட்டில் பிறப்பதில்லை. ரத்த வங்கிகளில் சேமித்த பழைய மாதிரிகளைச் சோதித்தபோது, நோயாளிகளின் ரத்தத்தில் தன்னைத்தானே தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் முதல் வலிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது தெரியவந்தது. நுரையீரலையும் இதயக் குழாய்களையும் பாதிக்கும் நோய் இது. மூட்டுக்கு மட்டும் மருந்து அனுப்பினால் மற்றவை என்னாகும்? மெத்தோட்ரெக்சேட் அடிப்படையில் தொடர்வதால் பாதிப் பதில் கிடைக்கிறது. மறுபாதியை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ரஞ்சனி தாமஸ் குழுவினர் தேடுகிறார்கள். அவர்களுடைய லிப்போசோமில் வீக்கத்தை அடக்கும் மருந்து இல்லை. மூட்டுக் குருத்தெலும்பிலுள்ள புரதத்தின் ஒரு துண்டும், வைட்டமின் டியின் செயல்வடிவமான கால்சிட்ரியாலும் இருக்கின்றன. தோலுக்கடியில் போட்ட ஊசி நிணநீர்க் கணுக்களை அடைந்து, இந்தப் புரதம் பகையில்லை என்று நோய் எதிர்ப்பு செல்களுக்குப் பழக்கவேண்டும் என்பது நோக்கம். 2022இல் வெளியான முதற்கட்டச் சோதனையில் நோயாளிகள் அதைப் பாதுகாப்பாகத் தாங்கினார்கள். பலன் தருமா என்பதற்குப் பெரிய சோதனைகள் வேண்டும். அதுவரை மூட்டில் எரியும் தீயை அணைக்கும் வேலை ஸ்டீராய்டுக்கு இருக்கும். அந்த ஸ்டீராய்டை மாத்திரையாகவா குமிழாகவா கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க, புதிதாக முடக்குவாதம் கண்டறியப்பட்டு மெத்தோட்ரெக்சேட் தொடங்கும் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான மாத்திரையும் மறு பாதிக்குச் சில லிப்போசோம் ஊசிகளும் கொடுத்து, மூட்டு வீக்கத்தோடு கூடவே எலும்பின் அடர்த்தி, சர்க்கரை, தொற்றுநோய்கள், இரண்டு வருடம் கழித்து எத்தனை பேர் இன்னும் ஸ்டீராய்டு விழுங்குகிறார்கள் என்ற கணக்கையும் ஒப்பிடும் ஒரு சோதனை போதும்.